மணிமுத்தாற்றங்கரைக் கிணறும் பனியுகத்து மழையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குக் காரணம் ஒரு பல். தேவகோட்டைப் பக்கம் மணிமுத்தாற்றை ஒட்டிய தோட்டம் ஒன்றில் பழைய கிணற்றை ஆழப்படுத்தியபோது சரளைப் படுகையிலிருந்து மண்வெட்டியோடு வந்தது. கட்டைவிரல் நீளம், பழுப்பேறிக் கனத்திருந்தது. வேலையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி அதைக் கழுவாமல், தேய்க்காமல், ஒட்டிய மண்ணோடு அப்படியே துணியில் முடிந்து வைத்திருந்தார். அந்த ஒரு செயலுக்காகவே அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஏன் என்பது பின்னால் வரும்.

அதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. பனியுகத்து விலங்கின் பல் கிடைத்திருக்கிறது, ஐம்பதாயிரம் ஆண்டுப் பழமை, அந்தக் காலத்தில் செட்டிநாட்டில் கடுங்குளிர் என்றெல்லாம் பேச்சு. தோட்டத்துக்கு உரிய ஆச்சி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, இவர்கள் சொல்வதில் உண்மை எவ்வளவு?”

நிலவியல் கற்பிப்பவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் எழுத வேண்டியவனாகிறேன். ஆற்று வண்டலையும் புதைபடிவத்தையும் கொண்டு பழைய தட்பவெப்பத்தை எப்படி மீட்டெடுக்கிறார்கள், அந்த வழிகளில் எவை இந்த மண்ணில் செல்லும், எவை செல்லா என்பதைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

வெட்டில் கண்டவை

கிணற்றின் வடக்குச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்த்தோம். மேலே உழவு மண். அதன் கீழே சாம்பல் நிற நுண்வண்டல். கண்மாய்க் கரம்பையைப் போலவே விரலில் வழுக்கும். அதற்குக் கீழே மஞ்சள் கலந்த களிமண். அதில் சுக்கான் கல் உருண்டைகள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. அதன் கீழே சாய்வான கோடுகள் கொண்ட பருமணல். அடியில் சரளை: வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கற்களும், முனை மழுங்கிய செம்பூரான் (லேட்டரைட் எனும் செந்நிறக் கல்) துண்டுகளும். சரளை உட்கார்ந்திருப்பது உளுத்துப்போன பாறையின் மேல்.

சுக்கான் உருண்டை ஒன்றை உடைத்தால் உள்ளே ஊசி நுழையும் அளவுக்குச் சிறு குழாய்கள் கிளைத்து ஓடின. புல்வேரோ செடியின் சல்லிவேரோ இருந்த இடங்கள் அவை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் பொங்கியது, ஆகவே சுண்ணாம்புதான். உருண்டைகள் வெளியிலிருந்து வெள்ளத்தில் வந்து சேர்ந்தவை அல்ல, அந்த மண்ணிலேயே உருவானவை என்பதற்கு இந்த வேர்க்குழாய்களே சான்று. உருண்டு வந்திருந்தால் மேற்பரப்பு தேய்ந்திருக்கும், குழாய்கள் வெளிமுகத்தில் அறுபட்டு நிற்கும். இங்கே குழாய்கள் உருண்டையிலிருந்து வெளியேறிச் சுற்றியுள்ள களிமண்ணுக்குள்ளும் தொடர்ந்தன.

சரளையை நம்புவதில் உள்ள சிக்கல்

ஆற்றுப் படிவைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் வரும் ஆசை, பெருங்கல் என்றால் பெருவெள்ளம், பெருவெள்ளம் என்றால் மிகுமழைக் காலம் என்று முடிச்சுப் போட்டுவிடுவது. ஐரோப்பாவில் இந்த வாசிப்பு வேறு விதமாக இருக்கும். அங்கே தேம்ஸ் போன்ற ஆறுகள் பனியுகத்தின் குளிர்க் கட்டங்களில் தாவரப் போர்வை இல்லாத நிலத்திலிருந்து உருகுநீரோடு சரளையை வாரிக்கொண்டு வந்து பல கிளைகளாகப் பரப்பின. வெப்பக் கட்டங்களில் ஒரே கால்வாயாக வளைந்து ஓடி நுண்வண்டலை விட்டுச்சென்றன. அங்கே சரளை பெரும்பாலும் குளிரின் அடையாளம். அதையே இங்கே கொண்டுவந்து ‘சரளை கிடைத்தது, ஆகவே குளிர்’ என்று சொல்வது பெருந்தவறு. செட்டிநாட்டில் உருகுவதற்குப் பனி எந்நாளும் இருந்ததில்லை.

இங்கே சரளை வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. மழை குறைந்து மரம் செடி அழிந்த நிலத்தில், அரிதாகப் பெய்யும் கனமழை மண்ணை அரித்துக் கொண்டுவரலாம். தொடர்ந்து மிகுமழை பெய்து ஆறு வலுத்திருக்கலாம். அல்லது கடல் மட்டம் இறங்கியதால் ஆறு தன் படுகையையே வெட்டி ஆழப்படுத்தி, அந்தக் கல்லை அடியில் விட்டிருக்கலாம். வறட்சி, மழை, கடல் என்று மூன்று காரணங்களும் ஒரே மாதிரிச் சரளையைத் தரும்.

செம்பூரான் துண்டுகள் இன்னொரு பொறி. செம்பூரான் உருவாக நீண்ட காலம் வெப்பமும் மழையும் மாறி மாறி வேண்டும். பாறையிலிருந்து மற்றவை கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் தங்கிக் கெட்டிப்படுவதுதான் அது. செட்டிநாட்டு மண்ணுக்குச் சிவப்பு தந்ததும், கிணற்றுக்கும் மதிலுக்கும் கல் தந்ததும் அதுவே. ஆனால் அது உருவான காலம் வேறு, உடைந்து இந்தச் சரளையில் சேர்ந்த காலம் வேறு. சரளையில் செம்பூரானைப் பார்த்துவிட்டு, சரளை படிந்த காலத்தின் தட்பவெப்பம் வெப்பமும் ஈரமும் என்று எழுதினால், அப்பன் காலத்துக் கதையைப் பேரன் பெயரில் எழுதியதாகும்.

பல் என்ன சொல்கிறது

பல் மாட்டினத்தைச் சேர்ந்தது. உயர்ந்த பல்முடி, எனாமலில் மடிந்து மடிந்து ஓடும் பிறை வடிவக் கோடுகள். புல் மேயும் விலங்கின் அரைவைப் பல். காட்டு மாடா, எருமையா, நாட்டு மாடா என்பதை இந்தத் துண்டை வைத்துப் பிரிக்க முடியவில்லை. விளிம்புகள் மழுங்கியிருந்தன, ஆகவே சிறிது தூரமாவது ஆற்றில் உருண்டிருக்கிறது.

மேஸ்திரி கழுவாமல் வைத்ததன் பயன் இங்கேதான். பல்லின் வேர்க்குழியில் இறுகியிருந்த மணலை ஊசியால் தோண்டி உருப்பெருக்கியில் பார்த்தபோது, குவார்ட்ஸ் பரல்களோடு இரும்புப் பூச்சேறிய செம்பூரான் மணிகள் இருந்தன. மேலடுக்குகளில் அவை இல்லை. சரளையில் மட்டுமே உண்டு. எனவே பல் மேலிருந்து சரிந்து விழுந்ததல்ல, சரளைக்கு உரியதுதான். கழுவியிருந்தால் இந்த ஒரு உறுதியும் போயிருக்கும்.

ஆனால் கனமும் பழுப்பு நிறமும் வயதைச் சொல்லா. இரும்பு மிகுந்த ஊற்றுநீர் ஓடும் சரளையில் எலும்பும் பல்லும் விரைவிலேயே நிறமேறிவிடும். ‘கல்லாகிவிட்டது, ஆகவே ஐம்பதாயிரம் ஆண்டு’ என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. ஆந்திராவின் கர்னூல் பகுதியில் உள்ள பில்லசுர்கம் குகைப் படிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வின்படி, அங்கே அடையாளம் காணப்பட்ட 21 பாலூட்டி வகைகளில் 20 வகைகள் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வாழ்ந்திருக்கின்றன. ஐரோப்பாவில் குளிர் வந்தால் துருவக் கலைமானும் கம்பளிக் காண்டாமிருகமும் வரும், வெப்பம் வந்தால் நீர்யானை வரும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் அடியிலேயே ஏறக்குறைய 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய நீர்யானை எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அங்கே விலங்கின் பெயரே தட்பவெப்பத்தின் பெயர். தென்னிந்தியாவிலோ மானும் மாடும் பன்றியும் குளிர்க் கட்டத்திலும் வெப்பக் கட்டத்திலும் இங்கேயே இருந்தன. மாட்டுப் பல் ஒன்று எந்தக் கட்டத்தையும் தனியாகக் காட்டாது.

விதிவிலக்கு இல்லாமலில்லை. நர்மதைப் படிவுகளில் கிடைக்கும் இந்திய நீர்யானை, ஆண்டு முழுவதும் வற்றாத நீர்நிலை இருந்ததற்குச் சான்று; பனியுகத்தின் இறுதிப் பகுதியில்தான் அது துணைக்கண்டத்திலிருந்து மறைந்தது. நெருப்புக்கோழியின் முட்டை ஓடு, திறந்த புல்வெளிக்குச் சான்று. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்து ஓடுகளிலிருந்து எடுத்த மரபணுவை வைத்து, 25,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பறவை இந்தியாவில் வாழ்ந்ததை 2017-இல் உறுதி செய்தார்கள். நம் கிணற்றில் கிடைத்தது இந்த இரண்டும் அல்ல.

வண்டுகள் கற்றுத்தந்த பாடம்

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இங்கிலாந்தின் அப்டன் வாரன் சரளைக் குழியில் நடந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் கூப், மாமத (பனியுக யானை) எலும்புகளோடு கிடந்த கரிய வண்டலில் பெரிய எலும்புகளை விட்டுவிட்டு வண்டுகளின் இறக்கை மூடிகளைப் பொறுக்கினார். வண்டினங்கள் பனியுகத்தில் உருமாறவில்லை, இடம் மாறின என்பதே அவர் கண்டது. ஓர் இனம் இன்று எந்த வெப்பநிலையில் வாழ்கிறதோ அதே வெப்பநிலை அன்று அங்கே இருந்தது என்று கொள்ளலாம். அவர் கையில் கிடைத்தவற்றுள் ஒன்று, இன்று திபெத்தியப் பீடபூமியில் மட்டுமே வாழும் சாண வண்டு. இங்கிலாந்தின் பனியுகப் படிவுகளில் அது கிடைத்தது 1973-இல் வெளியானது.

ஒரே ஒரு வண்டை நம்பியிருந்தால் இங்கிலாந்தை இமயத்தின் உயரத்துக்குத் தூக்கி வைத்திருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரே படிவில் கிடைத்த எல்லா இனங்களும் ஒருசேர வாழக்கூடிய வெப்பநிலை எல்லை எதுவோ அதை மட்டும் ஏற்கும் முறை அங்கிருந்து வளர்ந்தது. 1987-இல் அட்கின்சன், பிரிஃபா, கூப் மூவரும் அந்த முறையில் பிரிட்டனின் கடந்த 22,000 ஆண்டுகளின் கோடை, குளிர்கால வெப்பநிலைகளை மீட்டெடுத்தார்கள்.

அப்டன் வாரன் காலத்துப் படிவுகளில் ஒரு முரண்பாடும் தெரிந்தது. வண்டுகள் இதமான கோடையைக் காட்டின. மகரந்தமோ மரமே இல்லாத நிலத்தைக் காட்டியது. இரண்டும் பொய்யல்ல. வெப்பம் வந்ததும் வண்டு பறந்து வந்துவிடும். மரம் விதை விதையாக நகர்ந்து வர நூற்றாண்டுகள் வேண்டும். அது வந்து சேர்வதற்குள் குளிர் திரும்பிவிட்டது. சான்றுகள் முரண்படும்போது ஒன்றைத் தள்ளிவிடாமல், ஒவ்வொன்றும் எந்த வேகத்தில் பதில் தருகிறது என்று கேட்ட அந்த நிதானம்தான் அப்டன் வாரன் தந்த கொடை.

வண்டு முறையை மணிமுத்தாற்றில் பயன்படுத்த முடியாது. இறக்கை மூடி கெடாமலிருக்க, படிவு எப்போதும் நீரில் ஊறிக் காற்றுப் படாமல் கிடக்க வேண்டும். ஆண்டில் பல மாதம் காய்ந்து வெடிக்கும் செட்டிநாட்டு மண்ணில் அது மிஞ்சாது. இங்கே மிஞ்சுவது சுக்கானும் எனாமலும் குவார்ட்ஸ் மணலும்தான்.

நீலகிரியை வைத்துச் செட்டிநாட்டை எழுதலாமா

தமிழ்நாட்டின் பனியுகத் தட்பவெப்பம் என்றால் எல்லோரும் கையைக் காட்டுவது நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்புக் கரியை (சதுப்பில் அரைகுறையாக மக்கிய தாவரப் படிவை). ராமன் சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட அறிஞர்கள் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட அருமையான பணி அது. மரங்களும் குளிர்நிலப் புற்களும் சி-3 என்ற வகையிலும், வெப்பநிலப் புற்கள், கம்பு, சோளம், கரும்பு போன்றவை சி-4 என்ற வகையிலும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. இரண்டிலும் கார்பன்-13 (கார்பனின் சற்றே கனமான வகை) இருக்கும் அளவு வேறு. சதுப்புக் கரியில் அந்த அளவைப் பார்த்தால் எந்தத் தாவரம் ஓங்கியிருந்தது என்று தெரியும். பனியுகத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே சி-4 புல் ஓங்கியிருந்தது. வறட்சி. பிறகு மழை மீண்டு, ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் உச்சத்தைத் தொட்டது.

இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பனியுக உச்சத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 190 பங்குதான். இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த வாயு குறையும்போது மழை குறையாவிட்டாலும் சி-4 புற்களுக்குச் சாதகம் கூடும். எனவே புல் ஓங்கியது எல்லாம் வறட்சியால் என்று சொல்லிவிட முடியாது.

என் முதன்மையான மறுப்பு வேறு. நீலகிரிக்கு மழையின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றால் வருவது. செட்டிநாட்டின் கண்மாய்களும் ஊருணிகளும் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றில். பனியுகத்தில் தென்மேற்குக் காற்று தளர்ந்தது என்பதற்குக் கடலடி வண்டல் சான்றுகள் வலுவாக உள்ளன. அதே சான்றுகளை வைத்து, வடகிழக்குக் காற்று அப்போது வலுத்திருந்தது என்று 1982-இல் பிரெஞ்சு அறிஞர் துப்லெஸ்ஸி எழுதினார். பின்னால் இந்திய அறிஞர்களும் அதை ஆதரித்தார்கள். காற்று வலுத்தால் மழை கூடியதாகப் பொருளாகாது. குளிர்ந்த, சுருங்கிய வங்கக் கடலிலிருந்து அது குறைந்த ஈரத்தையே அள்ளியிருக்கலாம். ஆனால் நீலகிரி காய்ந்தது, ஆகவே செட்டிநாடும் காய்ந்தது என்று ஒரு வரியில் எழுதிச் செல்வதை இனி ஏற்க முடியாது.

இந்த இடத்தில்தான் மணிமுத்தாறு போன்ற சின்ன ஆறுகளின் பெருமை இருக்கிறது. காவிரியிலும் வைகையிலும் இரண்டு பருவமழைகளும் கலந்து வரும். அவற்றின் வண்டலில் எது எந்த மழை என்று பிரிப்பது கடினம். மணிமுத்தாறு (திருநெல்வேலிச் சீமையில் உள்ளது அல்ல), பாம்பாறு, தேனாறு ஆகியவை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தொடாதவை. உள்நாட்டுக் குன்றுகளிலும் கண்மாய்க் கலுங்குகளிலும் பிறந்து, உள்ளூர் மழையை மட்டும் வாங்கிக் கடலுக்குப் போகிறவை. பனியுகத்தில் வடகிழக்குப் பருவமழை என்ன ஆனது என்ற கேள்விக்கு, இந்த ‘வறண்ட ஆறுகள்’தான் தமிழ்நாட்டின் நேரடிச் சாட்சிகளாக இருக்கக்கூடியவை. பெரிய ஆறுகளின் பின்னாலேயே ஆய்வுகள் போவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பாக் கடல் நிலமாக இருந்தபோது

கடலைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. தேவகோட்டையிலிருந்து தொண்டிக் கடற்கரை இன்று சுமார் 40 கிலோமீட்டர். பாக் கடலின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம் கொண்டது. பனியுக உச்சத்தில், ஏறக்குறைய 21,000 ஆண்டுகளுக்கு முன், நீர் பெருமளவு துருவப் பனியில் சிக்கியிருந்ததால் உலகக் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. தொண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அன்று கடலே இல்லை, காய்ந்த சமவெளி. மணிமுத்தாறு அந்தச் சமவெளி மீது இன்னும் நெடுந்தொலைவு ஓடிக் கடலைத் தேட வேண்டியிருந்தது.

அப்படியானால் ஆறு தன் படுகையை ஆழமாக வெட்டியிருக்க வேண்டாமா? அவசியமில்லை. கடல் பின்வாங்கிய தரை ஆற்றின் சரிவைவிடச் செங்குத்தாக இருந்தால்தான் வெட்டு மேல்நோக்கி ஏறும். பாக் கடலின் அடித்தரை தட்டையானது. ஆகவே நம் கிணற்றின் சரளையைக் கடல் இறக்கத்தின் தலையில் கட்டுவதற்கு நான் தயங்குகிறேன். மூன்று காரணங்களில் இது ஓரளவு பின்னுக்குப் போகிறது.

அந்தச் சமவெளியில் விலங்குகள் நடந்து போனதற்குச் சான்று இலங்கையில் இருக்கிறது. இரத்தினபுரியில் மாணிக்கம் தேடித் தோண்டும் ஆற்றுச் சரளையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம், காட்டெருது ஆகியவற்றின் புதைபடிவங்களை இலங்கை அறிஞர் பி. இ. பி. தெரணியகல விவரித்தார். இன்று இலங்கைக் காட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை. சிங்கம் கடல் நீந்திப் போயிருக்காது. கடல் இறங்கிய ஏதோ ஒரு கட்டத்தில் தமிழகக் கரையோரமாக வந்து பாக் சமவெளியைக் கடந்திருக்க வேண்டும். அந்த வழிக்கு மிக அருகில் இருக்கும் ஆற்றுப் படிவுகளில் மணிமுத்தாறும் பாம்பாறும் அடக்கம். கிணறு தோண்டும்போது வரும் எலும்புத் துண்டை இந்தப் பகுதி மக்கள் தூக்கி எறியாமலிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

ஆச்சிக்குச் சொன்ன பதிலும், இனிச் செய்யப்போவதும்

‘கடுங்குளிர்’ என்பது தவறு. பனியுக உச்சத்திலும் வெப்பமண்டலத் தாழ்நிலங்கள் சில டிகிரி மட்டுமே குளிர்ந்தன. இங்கே மாறியது முக்கியமாக மழை. ‘ஐம்பதாயிரம் ஆண்டு’ என்பதற்கும் ஆதாரமில்லை. பல் சரளைக்கு உரியது என்பது உறுதி. சரளைக்குப் பிறகு ஆற்றின் வேகம் படிப்படியாகக் குறைந்திருக்கிறது. சுக்கான் அடுக்கு உருவான காலத்தில் வெள்ளம் மேலேறாமல், வேர் பிடித்த நிலப்பரப்பு நெடுங்காலம் நிலைத்து நின்றிருக்கிறது. ஈரமும் நீண்ட கோடையும் மாறி மாறி வந்திருக்கின்றன. இன்றைய தட்பவெப்பத்திலும் இந்த மாவட்டத்தில் சுக்கான் உருவாகும் என்பதால், சுக்கானைப் பார்த்த உடனே பனியுக வறட்சி என்று நான் எழுத மாட்டேன்.

ஆச்சி அதைக் கேட்டுவிட்டு, உறை இறக்குவதை வேலையாட்கள் தள்ளிவைக்கச் சொன்னார். அந்த இடைவெளியில் பருமணல் அடுக்கிலும், சுக்கானுக்கு மேலும் கீழும் இரும்புக் குழாய்களை அடித்து, இரண்டு முனைகளையும் வெளிச்சம் புகாமல் அடைத்து எடுத்துவிட்டோம். குவார்ட்ஸ் பரல் கடைசியாக வெயிலைப் பார்த்த காலத்தை ஒளித்தூண்டல் முறை சொல்லும். 50,000 ஆண்டுகளோடு கைவிட்டுவிடும் கார்பன்-14 முறையைவிட அது பின்னோக்கி நெடுந்தொலைவு போகும். சுக்கான் உருண்டைகளை ஆழவாரியாகத் தனித்தனிப் பைகளில் கட்டினோம். அவற்றின் கார்பன்-13 அளவு, வேர்விட்டது புல்லா மரமா என்று காட்டும். பல்லின் எனாமலை மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகளாகச் சுரண்டி ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட ஆக்சிஜன் வகைகளை) அளக்க வேண்டும். எனாமல் மாதக்கணக்கில் அடுக்கடுக்காக வளர்வது. அந்த மாடு குடித்த நீரில் ஈரமும் வறட்சியும் எப்படி மாறின என்பது அந்த வரிசையில் பதிந்திருக்கும்.

என் எதிர்பார்ப்பை இப்போதே எழுதி வைக்கிறேன். சுக்கான் அடுக்கு பனியுக உச்சத்தைச் சேர்ந்ததாக வந்து, அதன் கார்பன் மரச்செறிவைக் காட்டினால், கார்பன் டை ஆக்சைடு வாயு குறைந்த அந்தக் காலத்திலும் இங்கே மரம் நின்றதாகும். நீலகிரியைப் போலச் செட்டிநாடு காயவில்லை, வடகிழக்கு மழை கைவிடவில்லை என்பதற்கு அது வலுவான சான்று. புல்லைக் காட்டினால் வறட்சியா, வாயுக்குறைவா என்று எனாமலைக் கொண்டு பிரிக்க வேண்டியிருக்கும். அடுக்கு முழுவதும் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டால் இந்தக் கிணறு பனியுகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பாம்பாற்றங்கரையில் இதைவிட ஆழமான வெட்டைத் தேட வேண்டும்.